பச்சை பூத்த நீர்



வெலிமடைப் பள்ளத்தாக்கிலே உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் இடப்படும் உரம் முழுவதையும் பயிர் உண்டு தீர்த்துவிடுவதில்லை. எஞ்சியதில் ஒரு பங்கு மண்ணோடு தங்கிவிடுகிறது. மற்றொரு பங்கு ஐப்பசி கார்த்திகை மழையிலே மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு உமா ஓயாவில் இறங்குகிறது. உமா ஓயா ரந்தம்பை நீர்த்தேக்கத்திலே மகாவலியோடு கலக்கிறது. ரந்தம்பைக்குக் கீழே மினிப்பே அணைக்கட்டு. அங்கிருந்து புறப்படும் வலக்கரைக் கால்வாய், உல்கிட்டிய, ரத்கிந்த என்னும் இணைக் குளங்களுக்கு நீர் கொண்டுசெல்கிறது. அந்தக் குளங்களின் நீரை நம்பியே பதுளை மாவட்டத்தின் கீழ்ப்பகுதி வயல்கள் விளைகின்றன. 2024ஆம் ஆண்டு உமா ஓயாத் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டபின், புகுல்பொல, டயரபா அணைகளில் தேங்கும் நீரின் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கவழியே கிரிந்தி ஓயாப் பக்கம் திரும்புகிறது. வழி இரண்டாயிற்று, நீரோடு செல்லும் உரத்துக்கும் வழி இரண்டாயிற்று.

தோட்டத்தில் வாழும் நம்மவர்க்கு நீர் என்றால் பீலி நீர்தான். மலையிடுக்கிலிருந்து பீலியில் விழுந்து ஓடும் நீருக்கு வேறு குறைகள் இருக்கலாம். ஆயினும் இன்று நான் பேசவந்த குறை அதற்கு எளிதில் நேராது. அக்குறை தேங்கிய நீருக்கு உரியது. ஓட்டம் நின்று, வெயில் ஏறி, நைதரசனும் பொஸ்பரசும் நிறைந்துவிட்டால், குளத்து நீர் ஒருநாள் பச்சை பூக்கிறது. கரையோரத்தில் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றியது போன்ற ஏடு படிகிறது. இதனை நீர்ப்பூப்பு என்று சொல்லலாம். மகாவலி வடிநிலத்திலேயே இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1991ஆம் ஆண்டு கொத்மலை நீர்த்தேக்கம் இவ்வாறு பூத்தது. 1999ஆம் ஆண்டு கண்டி வாவி பூத்தது. இரண்டிலும் பூத்தது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்.

பழைய நூல்கள் இதனை நீலப்பச்சை அல்கா என்று கூறும். உண்மையில் இது அல்கா அன்று. பற்றீரியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆதலின் இன்று சயனோபற்றீரியா என்பர். தாவரத்தைப் போலச் சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கி ஒட்சிசனை வெளிவிடுவது இதன் இயல்பு. நாம் மூச்சுவிடும் காற்றிலே ஒட்சிசன் நிறைந்ததே, 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இதன் முன்னோர் செய்த வேலை. ஆகையால் இவ்வுயிரை அடியோடு பகைவன் என்று தள்ளிவிடுவது நன்றிமறந்த செயலாகும். நம் வயல்களில் நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்து நெல்லுக்கு ஊட்டுவதும் இக்குடும்பத்தில் ஒரு பிரிவே. அதனை 1939ஆம் ஆண்டிலேயே வங்காளத்து அறிஞர் பி. கே. டே எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்து டி. வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய பெருநூல், இக்குடும்பத்தை வடிவங்கொண்டு இனம்பிரிப்பதில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது.

வடிவங்கொண்டு என்றேன். இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியதே.

இவ்வுயிர்கள் ஒரே வடிவில் நிற்பனவல்ல. மைக்ரோசிஸ்டிஸின் ஒரு கலம் மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 200 கலங்களை வரிசையாக நிறுத்தலாம். குளத்திலே அது தனித்து நிற்பதில்லை. நூறு, ஆயிரம் என்று கூடி, பசைபோன்ற ஓர் உறைக்குள்ளே குடியிருக்கும். அந்தக் கூட்டம் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அதே உயிரைக் கொண்டுவந்து ஆய்வுகூடத்துக் குடுவையில் வளர்த்தால், நாளடைவில் கூட்டங் கலைந்து தனித்தனிக் கலங்களாகிவிடுகிறது. இன்னொரு வகை நூல்போல நீண்டிருக்கும். சில நேராகவும் சில சுருளாகவும் இருக்கும். நூலின் நுனியிலே சில காலத்தில் ஒரு தனிவிதக் கலம் தோன்றும். சில காலத்தில் தோன்றாது. சில மிதக்கும், சில அமிழும். இவற்றுள் எது நஞ்சு கக்கும், எது கக்காது என்பதே குளத்தங்கரையில் வாழ்பவன் கேட்கவேண்டிய கேள்வி. இங்கே கண்ணும் நுணுக்குக்காட்டியும் கைவிட்டுவிடுகின்றன.

ஏன் கைவிடுகின்றன என்பதை விளக்க, நேயர்கள் நன்கறிந்த தோட்டத்து வழக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் என்னும் பேரேடு உண்டு. தோட்டத்தில் பதிவான தொழிலாளர் அனைவரின் பெயரும் அதிலே இருக்கும். ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தால், யார் கொழுந்துக்குப் போகிறார், யார் கவ்வாத்துக்குப் போகிறார், யாருக்கு இன்று வேலையில்லை என்பது நாளுக்கு நாள் மாறும். மாலையில் ஒருவருக்கு முழுப்பேர் விழும். மற்றொருவருக்கு அரைப்பேரே விழும். செக்ரோல் ஒன்று, பெரட்டு வேறு.

உயிருள்ள கலத்திலும் இவ்வாறே. அது செய்யக்கூடிய புரதங்கள் யாவற்றுக்கும் உரிய குறிப்புகள் டி.என்.ஏ. என்னும் இழையிலே எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு குறிப்பையும் பரம்பரையலகு என்கிறோம். இழையில் எழுதியிருப்பதனாலேயே வேலை நடந்துவிடாது. வேலை வேண்டிய நேரத்தில் அக்குறிப்பின் படி ஒன்று ஆர்.என்.ஏ. என்னும் வேறோர் இழையாக எடுக்கப்படுகிறது. அந்தப் படியைப் பார்த்தே புரதம் ஆக்கப்படுகிறது. எந்தக் குறிப்புக்கு எத்தனை படி எடுக்கப்பட்டது என்பதே அன்றைய பெரட்டுக் கணக்கு. அறிஞர் இதனைப் பரம்பரையலகின் வெளிப்பாடு என்பர். ஜப்பானில் 2007ஆம் ஆண்டு மைக்ரோசிஸ்டிஸ் வகையொன்றின் டி.என்.ஏ. முழுவதும் படித்தெழுதப்பட்டபோது அதில் 6,300க்கு மேற்பட்ட குறிப்புகள் காணப்பட்டன. இவ்வளவு சிறிய உயிருக்கு அது நீண்ட பேரேடுதான்.

இனி, ஓர் உயிரிடத்தில் ஒரு பண்பு காணப்படவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆள் செக்ரோலில் இருக்கிறான், இன்று பெரட்டுக்கு அழைக்கப்படவில்லை என்பது ஒன்று. அவன் பெயரே வெட்டப்பட்டுவிட்டது என்பது மற்றொன்று. வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முதலாமவன் நாளை வரக்கூடியவன்.

இதற்கு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1912ஆம் ஆண்டு ஜாவாத்தீவின் நீரிலிருந்து போலந்து நாட்டு அறிஞர் வொலோசின்ஸ்கா ஒரு நூல்வடிவ உயிரைக் கண்டு பெயரிட்டார். பிற்காலத்தில் அது சிலிந்திரோஸ்பேர்மொப்சிஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. அதன் நூலின் நுனியிலே நீர்த்துளி போன்ற ஒரு தனிக்கலம் உண்டு. காற்றின் நைதரசனைப் பிடிக்கும் கலம் அது. அந்த வேலையைச் செய்யும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். ஆதலின் அந்தக் கலம் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஒட்சிசனை ஆக்கும் தன் வேலையையும் நிறுத்திக்கொள்கிறது. பக்கத்துக் கலத்துக்கும் அதற்கும் டி.என்.ஏ. ஒன்றே, படியெடுக்கப்படும் குறிப்புகள்தாம் வேறு. இத்தகைய கலம் எவ்வாறு உருவாகிறது என்பதை அனபீனா என்னும் உறவினத்தில் வெகு நுட்பமாக ஆராய்ந்துள்ளார்கள். நைதரசன் பஞ்சம் வந்தால், ஹெற்-ஆர் என்னும் ஒரு குறிப்பு விழித்தெழுகிறது. ஏறத்தாழ ஒரு நாளில், பத்துப் பதினைந்து கலங்களுக்கு ஒன்றாகச் சாதாரணக் கலம் நைதரசன் கலமாக மாறிவிடுகிறது. நீரில் நைதரசன் நிறைந்திருந்தால் அந்தக் குறிப்பு உறங்குகிறது; நைதரசன் கலமும் தோன்றுவதில்லை.

ரபிடியொப்சிஸ் என்று வேறொரு பேரினமும் நூல்களில் இருந்தது. அதன் நூல் ஏறக்குறைய அதே தோற்றமுடையது. நுனியில் நைதரசன் கலம் மட்டும் இல்லை. இந்தக் கலம் உண்டா இல்லையா என்பதை வைத்தே இரண்டும் இரு பேரினமாகப் பல ஆண்டு நின்றன. டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே கூட்டத்துள் கலந்து கிடந்தன. 2018ஆம் ஆண்டு இரண்டும் ரபிடியொப்சிஸ் என்ற ஒரே பெயரின்கீழ் சேர்க்கப்பட்டன. சிலவற்றிலே நைதரசன் கலம் இல்லாததற்குக் காரணம், உரம் மிகுந்த நீரிலே அதற்குத் தேவை இல்லாமற் போனது. வேறு சிலவற்றிலே அவ்வேலைக்குரிய குறிப்புகளே டி.என்.ஏ.யிலிருந்து மறைந்துபோயின. நான் முன்சொன்ன இரண்டு காரணங்களும் ஒரே இனத்துக்குள்ளே அருகருகே நிற்கின்றன. மைக்ரோசிஸ்டிஸிலும் கூட்டத்தின் தோற்றத்தைப் பார்த்து ஐந்து இனமாகப் பிரித்தவற்றை ஒன்றாக்கவேண்டும் என்று 2001ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் முன்மொழிந்தனர். பெயரிடுவோரின் பிணக்கு இது என்று நேயர்கள் எண்ணவேண்டாம். தோற்றத்தை நம்பி ஒரு குளத்தை நல்லதென்றும் தீயதென்றும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நஞ்சுக்கு வருகிறேன். 1878ஆம் ஆண்டு ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர், தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியிலே பச்சை ஏட்டைக் குடித்த கால்நடைகள் மாண்டதை எழுதினார். மைக்ரோசிஸ்டிஸ் ஆக்கும் நஞ்சு மைக்ரோசிஸ்டின் எனப்படும். அது ஈரலைத் தாக்கும். இந்த நஞ்சை ஆக்குவதற்கு வேண்டிய 10 பரம்பரையலகுகள் ஒரே இடத்தில் கூட்டாக அமைந்திருப்பது 2000ஆம் ஆண்டு அறியப்பட்டது. டி.என்.ஏ.யிலே அந்தக் கூட்டின் நீளம் 55,000 எழுத்து. இக்கூட்டு சில மைக்ரோசிஸ்டிஸில் முழுமையாக உண்டு. சிலவற்றில் அறவே இல்லை. நுணுக்குக்காட்டியின்கீழ் இருவகையும் ஒன்றே. ஒரே குளத்தின் ஒரே ஏட்டில் இருவகையும் கலந்திருக்கும். இந்த மாதம் ஒன்று ஓங்கும், அடுத்த மாதம் மற்றது ஓங்கும்.

கூட்டு உள்ளவையும் எப்போதும் ஒரே அளவில் நஞ்சு ஆக்குவதில்லை. ஒளி மிகுந்தபோது இந்தக் கூட்டின் குறிப்புகள் மிகுதியாகப் படியெடுக்கப்படுவதை அதே 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நஞ்சின் ஒரு மூலக்கூற்றுக்கு 10 நைதரசன் அணு வேண்டும். ஆதலின் நைதரசனின் வரவும் இக்கணக்கில் சேர்கிறது. தேயிலைக்கு நாம் இடும் உரத்தில் முதன்மையானது நைதரசன் என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பொஸ்பரசை மட்டும் குறைத்தால் போதுமா, நைதரசனையும் குறைக்கவேண்டுமா என்று நீரியல் அறிஞர் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். நம் மலைச்சரிவைப் பொறுத்தவரை இரண்டையும் பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. மரக்கறித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் ஒரே ஆற்றில் வடிகின்ற நாட்டில், ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவதால் குளம் தெளியாது.

கூட்டவடிவத்துக்கும் தனிக்கல வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. மைக்ரோசிஸ்டின் தன் பகைவரைக் கொல்வதற்கென்றே ஆக்கப்படுகிறது என்று முன்பு பலர் எண்ணினர். 2012ஆம் ஆண்டு வெளிவந்த சீன அறிஞரின் ஆய்வொன்றில், கூட்டமாக உள்ள மைக்ரோசிஸ்டிஸுக்கு இந்த நஞ்சைச் சிறிதளவு சேர்த்தபோது கூட்டம் பெருத்தது. பசையுறை ஆக்கும் குறிப்புகள் மிகுதியாகப் படியெடுக்கப்பட்டன. சில கலங்கள் உடைந்து நஞ்சு வெளிப்பட்டால், மற்றவை அதனை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு நெருங்கிச் சேர்கின்றன போலும். கலத்துக்குள்ளேயே தன் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, மிகுந்த வெளிச்சத்தின் தாக்குதலைத் தாங்கவும் இது உதவுகிறது என்று 2011ஆம் ஆண்டு வேறோர் ஆய்வு கூறியது. நமக்கு நஞ்சாவது அதற்கு வீட்டுச் சாமான்.

மிதக்கும் ஆற்றலிலும் இவ்வேறுபாடு உண்டு. கலத்துள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்களை ஆக்கும் குறிப்புகள் உள. அவை வேலை செய்தால்தான் கூட்டம் காலையில் மேலெழுந்து ஏடாகப் பரவும். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் நெடுநாள் பேணப்பட்ட ஒரு வகையிலே, மிதக்காத மாற்றுருவங்கள் தோன்றின. காரணம் தேடியபோது, இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டொன்று அந்தக் குறிப்புகளுக்கு நடுவே புகுந்து அவற்றைக் குலைத்திருந்தது. குடுவையில் அமைதியாக வளரும் உயிருக்கு மிதக்கவேண்டிய தேவையில்லை; கூடிவாழவும் தேவையில்லை. ஆதலின் குடுவையில் அறிந்ததை அப்படியே குளத்தின்மேல் ஏற்றிச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பட்டணத்து விடுதியில் வைத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று எழுதுவது போன்றது அது.

நேயர்களிற் சிலர், பச்சை பூத்த குளத்தில் மருந்தடித்து அந்த உயிரைக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்கக்கூடும். அப்படித்தான் 1979ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவிலே செய்தார்கள். சொலமன் அணையின் குடிநீர் பூத்திருந்தது. செப்புச் சல்பேற்றுப் போட்டார்கள். அடுத்துவந்த நாட்களில் 148 பேர் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு நோயுற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் அத்தீவின் பழங்குடிச் சிறுவர். உயிரோடிருக்கும்வரை கலத்துக்குள்ளே பெரும்பங்கு அடங்கியிருக்கும் நஞ்சை, மருந்து கலத்தை உடைத்து நீரில் கலந்துவிட்டது என்பதே பின்னர் கொள்ளப்பட்ட விளக்கம். அந்த அணையில் இருந்தது நான் முன்னே கூறிய ஜாவாத்தீவு உயிரேதான். அதன் நஞ்சு 1992ஆம் ஆண்டு தனியே பிரித்தறியப்பட்டது. அதே அணையிலிருந்து நேர்நூல் வடிவத்தையும் சுருள்நூல் வடிவத்தையும் பிரித்து வளர்த்தபோது, இரண்டுமே நஞ்சை ஆக்கின என்று 1999ஆம் ஆண்டு வெளியிட்டனர். இவ்வுயிர் இலங்கையின் உலர்வலயக் குளங்களிலும் காணப்படுகிறது.

காய்ச்சிக் குடித்தால் தீராதோ என்பது அடுத்த கேள்வி. வயிற்றோட்டக் கிருமிகளுக்குக் காய்ச்சுதல் நன்மருந்து. இந்த நஞ்சுக்கு அது மருந்தன்று. 2014ஆம் ஆண்டு ஆவணியில் அமெரிக்காவின் தொலீடோ நகரில் ஏரிநீரிலிருந்து மைக்ரோசிஸ்டின் குழாய்க்கு வந்தபோது, ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களுக்குக் குழாய்நீரைக் குடிக்கவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்றே அறிவித்தனர். காய்ச்சினால் நீர் வற்றும், நஞ்சு வற்றாது. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீருக்கு விதித்த வரம்பு, ஓர் இலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின். பாம் தீவு நஞ்சுக்கு அது 0.7 மைக்ரோகிராம்.

எனவே, குளக்கரையிலே குடியிருப்போர் செய்யத்தக்கது இதுவே: ஏடு படிந்த பக்கத்தில் நீர் முகவாமல் இருத்தல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று எந்தக் கரையை நோக்கி ஏட்டைத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் குளிப்பதையும், மாட்டை இறக்குவதையும், பிள்ளைகளை விளையாட விடுவதையும் தவிர்த்தல். ஏடு வெளுத்து அழுகி நாறும்போது, தீங்கு தீர்ந்தது என்று எண்ணாமல் இருத்தல். கலங்கள் உடைகின்ற காலம் அது.

கிராந்துருக்கோட்டைப் பக்கத்திலே காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களைக் குலைத்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் சயனோபற்றீரியாவின் நஞ்சும் ஒன்று. கிணற்றுநீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர்வற்றி உழைத்தல் ஆகியனவும் சொல்லப்பட்டன. அவ்வூர்களில் பலர் குடிப்பது கிணற்றுநீர்; குளத்து நீரன்று. ஆதலின் நஞ்சே காரணம் என்று முழங்குவதும் பிழை, அப்படி ஒன்றுமில்லை என்று கைவிரிப்பதும் பிழை. ஒருநாள் எடுத்த நீரில் நஞ்சு காணப்படவில்லை என்ற முடிவு அந்த ஒருநாளுக்கே உரியது. அந்நீரிலே நஞ்சுக்குரிய பரம்பரையலகு இருந்ததா என்பதைத் தனியே பார்க்கவேண்டும். இருந்தால், அன்று அது படியெடுக்கப்பட்டதா என்பதையும் பார்க்கவேண்டும். மூன்றும் வெவ்வேறு சோதனை.

மூன்றாவது சோதனைதான் நம் நாட்டில் வருத்தம் தருவது. டி.என்.ஏ. நாட்கணக்கில் தாங்கும். பற்றீரியாவின் ஆர்.என்.ஏ. படியோ சில நிமிடங்களிலே சிதைந்துவிடும். போத்தலில் அடைத்து வெயிலில் வைத்த நீரிலே உயிர் வேறு குறிப்புகளைப் படியெடுக்கவும் தொடங்கிவிடும். ஆகவே ஆய்வாளர் உல்கிட்டியக் கரையில் நின்றபடியே நீரை வடிகட்டி, வடிதாளைத் திரவ நைதரசனில் அமிழ்த்தி உறையவைக்கவேண்டும். விடியற்காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. அந்தக் கலன் மூடி திறவாமல் மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதை ஏறி, கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் போன்ற ஓரிடத்தை அடையவேண்டும். வழியில் வாகனம் பழுதாகித் திரவ நைதரசன் தீர்ந்துவிட்டால், அந்த மூன்று வேளைப் பெரட்டுக் கணக்கும் அழிந்துபோம். அடுத்த பூப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதே.